மூன்றாவது வரிக்குக் கீழே

கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது: கண்ணாடி அக்கா. பக்கத்து மருந்துக் கடைக்காரர் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார், வாடிக்கையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு அவள் ஞாயிறுதோறும் போகும் கிறிஸ்தவ சபையிலும் அதுவே நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர்கூட கோபம் வந்தால் மட்டும்தான் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

கடை ஒரு குறுகலான நீள அறை. முன்பக்கம் ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரிகள். திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் வெளிச்சப் பெட்டி. காதில் உறுத்துகிறது என்று யாராவது வந்தால் ஃபிரேமின் காலைச் சூடான காற்றில் காட்டி, வெண்ணெயை வளைப்பதுபோல வளைத்துக் கொடுப்பாள். கண் பரிசோதகர் வராத நாளில் பவர் பார்ப்பதும் அவள்தான். "நீ பார்த்து அனுப்பினா ஆளு திரும்பி வர்றதில்லம்மா" என்பார் முதலாளி. "அது நல்லதா கெட்டதான்னு சொல்லுங்க சார்" என்பாள் அவள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஒரே மகள் கல்லூரியில் படித்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு அவர்கள் இருவருடையதுதான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். சபையிலும் அப்படித்தான். கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை மடித்து அடுக்கும் நால்வரில் ஒருத்தி. மேடையில் ஏறி அவள் பேசி யாரும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

அதை மாற்றியவர் பெரியண்ணன். சபையில் எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். சோபாவும் கட்டிலும் விற்கும் கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் ஒரு குழுவைச் சேர்த்து, கடல் தாண்டி இன்னொரு நாட்டில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஊழியப் பயணம் கூட்டிப்போவார். குரல் பெரிசு, மனசும் பெரிசு. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தால் முதலில் போய் நிற்பவர் அவர்தான். இந்த முறை கண் பரிசோதனை செய்து குழந்தைகளுக்குக் கண்ணாடி கொடுக்கலாம் என்று அவருக்கு யோசனை வந்தது. அதைப் பேச அவளிடம் வந்தபோது, அந்த நாட்டுப் பெயரைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

"அங்கதாண்ணே நான் சின்ன வயசுல வளர்ந்தேன். அப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டினாரு. அந்த ஊரு பாஷை எனக்கு இன்னும் மறக்கல."

பெரியண்ணன் வாயைப் பிளந்தார். "இத்தனை வருஷம் இந்தச் சபையில நாற்காலி மடக்கிக்கிட்டு இருந்தீங்களே சிஸ்டர், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலையேண்ணே."

அடுத்த வாரம் மேடையில் அவளை நிறுத்தி அறிமுகம் செய்தார். கைதட்டினார்கள். அன்று வீட்டில் அவள்தான் பேசினாள். வீட்டுக்காரர், "நம்ம வீட்டு வெளியுறவு அமைச்சர் பேசுறாங்க, எல்லாரும் அமைதி" என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இல்லம் மஞ்சள் வண்ணம் அடித்த இரண்டு மாடிக் கட்டடம். மாடியில் பிள்ளைகள் படுக்கும் கூடம். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு தலையணையிலும் ஒரு பஞ்சு பொம்மை. ஒரு கரடியைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்தில் கடை அட்டை இன்னும் தொங்கியது, மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பக்கத்தில் நின்ற சிறுமி அவசரமாக அதை வாங்கி, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே சாய்த்து வைத்தாள். அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயது இருக்கும். உருண்டையான முகம், ஓரிடத்தில் நில்லாத உடம்பு. அவளைப் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். இல்லத்தை நடத்திய அம்மாளைப் பிள்ளைகள் மேடம் என்றார்கள். களைத்த முகம், ஓயாத சிரிப்பு. பெரியண்ணனோடு அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவார்.

சாப்பாட்டுக் கூடத்தில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்கென்று ஓர் அட்டை உண்டு. மூன்று பல் சீப்பு மாதிரி ஓர் உருவம், வரிசை வரிசையாக, மேலே பெரிசு, கீழே போகப் போகச் சிறிசு. ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே, ஒன்று இடமாக, ஒன்று வலமாக. பல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அதை அவளே சுவரில் ஒட்டினாள். பக்கத்தில் பெட்டி நிறையக் கண்ணாடிகள், சபையார் மனமுவந்து கொடுத்தவை. பெரியண்ணன் மூன்றுகால் ஸ்டாண்டில் போனைப் பொருத்திப் படம் எடுக்கத் தயாராக நின்றார்.

காலையிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், கையைக் காட்டினார்கள், போனார்கள். கண்கள் நன்றாக இருந்தன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் பெட்டி திறக்கப்படாமலே இருந்தது, பெரியண்ணன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மத்தியானத்துக்குமேல் வந்த ஒரு பெரிய பெண்ணுக்கு நிஜமாகவே பார்வை மோசம். சரியான பவர் கண்ணாடியைப் போட்டதும் அந்தப் பெண் தரையைப் பார்த்துத் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, "தலை சுத்துது" என்று கழற்றிவிட்டாள். முதல் தடவை போடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பழகக் கொஞ்ச நாள் ஆகும். பெரியண்ணன் போனை அணைத்தார்.

"சிஸ்டர், ஊர்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு முகமாவது வேணும். ஒரு பிள்ளை, முதல் தடவை உலகத்தைத் தெளிவாப் பார்க்குற முகம். கர்த்தர் காட்டுவாரு, பாருங்க."

அப்போதுதான் பட்டாணி வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பெரியண்ணன் மறுபடி போனை இயக்கினார்.

முதல் இரண்டு வரியும் சரி. மூன்றாவது வரியிலிருந்து தப்பு. மேலே பார்த்திருந்த உருவத்துக்குக் கீழே கையைக் காட்டினாள். இடத்துக்கு வலம், வலத்துக்கு இடம். கண்ணாடி அக்கா குச்சியை வேறு வரிக்கு மாற்றினாள். அங்கேயும் அப்படியே. அவளுக்குச் சுரீர் என்றது. பார்வை மங்கினவர்கள் ஊகித்துச் சொல்வார்கள், அதில் சிலது தப்பாகும், சிலது சரியாகிவிடும். ஒன்றுவிடாமல் எதிர்ப்பக்கம் காட்டவேண்டும் என்றால் ஒன்றுவிடாமல் நன்றாகத் தெரியவேண்டும்.

குனிந்து, அந்த ஊர் மொழியில், மெதுவாகக் கேட்டாள். "கண்ணு, உனக்கு எல்லாமே தெரியுதுல்ல?"

பட்டாணியின் முகம் மலர்ந்தது. தன் மொழி பேசுகிற விருந்தாளியை அவள் பார்த்ததே இல்லை. அவளும் குரலைத் தாழ்த்தினாள். "எந்த வரியிலருந்து தெரியாதுன்னு காட்டணும்னு மேடம் சொல்லல அக்கா. நானா மூணாவதுலருந்து ஆரம்பிச்சேன். சரிதானே? பல்லு பார்க்க வந்தவங்களுக்கு அழணும். ஷூ கொண்டு வந்தவங்களுக்கு வெறுங்கால்ல நிக்கணும். கண்ணுக்கு இப்பதான் முதல் தடவை."

"என்ன சொல்றா?" என்றார் பெரியண்ணன். போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் அவள் எத்தனையோ காரணம் தேடிப் பார்த்தாள். களைப்பு என்று, பெரியண்ணன்மேல் இரக்கம் என்று, அந்தப் பிள்ளையை மேடம் திட்டுவாரோ என்கிற பயம் என்று. எதுவும் நிற்கவில்லை. எல்லோரும் தன் வாயைப் பார்த்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

"மூணாவது வரிக்குக் கீழ ஒண்ணும் தெரியலையாம்" என்றாள்.

பெட்டியில் இருந்ததிலேயே பவர் குறைந்த கண்ணாடியைத் தேடி எடுத்தாள். கெடுதல் அதிகம் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிவப்பு ஃபிரேம். பட்டாணியின் காதுக்குப் பின்னால் அதைப் பொருத்தும்போது, கடையில் செய்வதுபோலவே, உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பட்டாணி கண்களை மூடினாள். திறந்தாள். வாய் மெல்லப் பிளந்தது. கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை, அத்தனை அழகாகச் செய்தாள். குழுவில் இருந்த பெண்கள் தேம்பினார்கள். பெரியண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் கட்டிப்பிடித்து முடித்தபின் பட்டாணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சரியாச் செஞ்சேனா அக்கா?"

"ரொம்பச் சரியாச் செஞ்ச" என்றாள் கண்ணாடி அக்கா.

கிளம்பும் நாள் காலை. பைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது வெளிக் கதவருகே ஒரு பெண் நின்றாள். ஓட்டல் விரிப்புகள் வெளுக்கிற சலவைக்கூடத்தின் நீலச் சட்டை, மருந்துத் தண்ணீரில் தோல் உரிந்து சிவந்த கைகள். வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"நீங்கதானே கண்ணு பார்த்தவங்க? எங்க பாஷை பேசுறவங்க?"

"ஆமாங்க."

"நான் பட்டாணியோட அம்மா."

கண்ணாடி அக்காவுக்கு ஒரு நொடி புரியவில்லை. சபையில் இந்தப் பிள்ளைகளைப் பற்றி எப்போதும் யாருமில்லாத பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண் விடாமல் பேசினாள். புருஷன் விட்டுப் போனபின் சலவைக்கூடத்திலேயே படுத்து எழுந்ததையும், பிள்ளை படிக்கட்டும் என்று இங்கே சேர்த்ததையும், விடுமுறை நாளில் கூட்டிப்போவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணுக்குக் கண்ணு போகுதாமே? எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல சின்ன எழுத்து தெரியலன்னு சொன்னா. இப்ப கையைப் பிடிச்சுத்தான் கூட்டிப் போகணும். உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு நாள் இருக்கு?"

பெரியண்ணன் பின்னாலேயே நின்றார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அது அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னால் வரப்போகும் கேள்விகளும் கூடவே வந்தன.

"பயப்படாதீங்க. கொஞ்சம்தான். கண்ணாடியைக் கழட்டாம போட்டுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்தத் தாய் அவள் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உரிந்த தோலின் சொரசொரப்பு வேனில் ஏறினபிறகும் அவள் கையில் இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பாட்டுப் பாடியபோது வாயை மட்டும் அசைத்தாள்.

ஊரில் அந்தப் படம் சபையையே உருக்கிவிட்டது. பட்டாணி வாய் பிளந்து நிற்கும் முகத்தைக் கதவளவு பெரிசாக அச்சடித்துக் சபைக் கூடத்தின் வாசலில் மாட்டினார்கள். கண்ணாடி அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறினாள், நான்கு வார்த்தை சொன்னாள், கைதட்டல் ஓயுமுன்பே இறங்கிவிட்டாள். என்ன தாழ்மை என்று மெச்சினார்கள். நாற்காலி மடக்கப் போனால் விடவில்லை. "நீங்க போய் உட்காருங்கக்கா" என்று பிடுங்கிக்கொண்டார்கள்.

கடையில் பிள்ளைகள் வந்து அந்த நாற்காலியில் உட்காரும்போது அவளுக்கு வியர்த்தது. ஒரே பிள்ளைக்கு இரண்டு தரம், மூன்று தரம் பார்த்தாள். "ஏம்மா, பிள்ளை தூங்கிடும்போல" என்றார் முதலாளி.

ஒருநாள் மகள் போனில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இங்க பாரேன். கண்ணாடி போட்டதும் எல்லாத்தையும் பார்க்குறா, சரி. நடுவுல நடுவுல உன் முகத்தைப் பார்க்குறாளே, எதுக்கு? பரீட்சை எழுதிட்டு டீச்சரைப் பார்க்குற மாதிரி?"

கண்ணாடி அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. மகள் எழுந்துவந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அங்கேயே, குழாயை மூடாமலே, எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரரும் வாசற்படியில் நின்று கேட்டார். எப்போதும் ஏதாவது நக்கலடிக்கிற மனிதர், அன்று வந்து குழாயை மூடினார்.

"அந்தம்மா இப்ப என்ன நினைச்சுக்கிட்டு இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் மறுநாளே பெரியண்ணன் கடைக்குப் போனாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்களுக்கு நடுவே அவர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு சிஸ்டர். நான்தான் கேக்கல" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா அந்தப் பெரிய பொண்ணுக்கு நிஜமாவே கண்ணாடி கிடைச்சுதுல்ல? அந்தப் படத்தைப் பார்த்துத்தானே எல்லாரும் மனசு இளகிக் கொடுக்குறாங்க? இதைப் போய் இப்பச் சொன்னா அந்தப் பிள்ளைங்க எல்லாம் என்ன ஆவாங்க? விடுங்க. ஜெபம் பண்ணுவோம்."

"பிள்ளைக்குக் கண்ணு போகுதுன்னு அவங்கம்மா நம்பிக்கிட்டு இருக்காங்கண்ணே."

"மேடத்துக்கிட்டச் சொல்லிச் சொல்லச் சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. அந்தத் தாயின் போன் நம்பரை வாங்கவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றாமல் போனதே என்று தினமும் தன்னைத் திட்டிக்கொண்டாள். இல்லத்து நம்பர் இருந்தது. சில தடவை அழைத்தாள். மேடத்தின் சிரித்த குரல் கேட்டதும், பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். சபைக் கூடத்து வாசலில் பட்டாணியின் படத்தைக் கடந்துதான் ஒவ்வொரு வாரமும் உள்ளே போகவேண்டும். பக்கவாட்டு வழியாகப் போகப் பழகிக்கொண்டாள்.

அடுத்த வருஷப் பயணத்துக்கு அவள் பெயர் கொடுத்தபோது பெரியண்ணன் தயங்கினார். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. "பழசை எதுவும் கிளற மாட்டீங்களே சிஸ்டர்?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பெற்றோர் வந்து பார்க்கிற நாளில் அவள் காலையிலேயே வெளிக் கதவருகே போய் நின்றாள். நீலச் சட்டைக்காரி தூரத்திலேயே அவளை அடையாளம் கண்டு, சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். கும்பிடப்போனவளின் கையைத் தடுத்தாள்.

"என்னைக் கும்பிடாதீங்க. உங்க பொண்ணு கண்ணு நல்லா இருக்கு. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கண்ணாடி போட்டேன். நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன்."

அந்தத் தாய்க்கு முதலில் விளங்கவில்லை. நல்ல செய்தியைக் கேட்டமாதிரி, "நல்லா இருக்கா?" என்று மலர்ந்தாள். அப்புறம்தான் மீதி உள்ளே இறங்கியது. அவள் கத்தவில்லை. கண்ணாடி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தபடியே இல்லத்துக்குள் நடந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் இந்த வருஷக் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. பெரியண்ணன் அவர்களுக்கு இல்லத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடமும் இருந்தார்.

கூடத்து நடுவில் நின்று அந்தத் தாய் பேச ஆரம்பித்தாள். பெரியண்ணன் எழுந்தார். "என்னாச்சு சிஸ்டர்? என்ன சொல்றாங்க?"

மேடம் அந்த ஊர் மொழியில் அவசரமாக, "வேற ஏதாவது சொல்லிடுங்க. விருந்தாளிங்க முன்னாடி வேண்டாம். இவங்க சந்தோஷமாப் போனாத்தான் இங்க அடுப்பு எரியும்" என்றார். அது பொய்யில்லை என்று கண்ணாடி அக்காவுக்குத் தெரியும்.

அவள் குழுவின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பொம்பள பொய் சொன்னான்னு சொல்றாங்க. இந்தப் பொம்பளன்னா நான்தான்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தாய் பேசப் பேச, அவள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள், எதையும் மழுப்பவில்லை.

"பிள்ளைக்குக் கண்ணு போகுதுன்னு நினைச்சு இவங்க புத்தகத்தை எல்லாம் எடுத்து மறைச்சு வச்சிருக்காங்க. படிச்சாக் கண்ணு சீக்கிரம் போயிரும்னு. பள்ளிக்கூடத்துக்குப் போய், படிக்கச் சொல்லாதீங்க, எழுதச் சொல்லாதீங்கன்னு டீச்சர் கால்ல விழுந்திருக்காங்க. பிள்ளை வகுப்புல முதலாவதா வந்துக்கிட்டு இருந்தவளாம். போன பரீட்சையில தேறல. பழைய வகுப்புலயே உட்கார வச்சுட்டாங்க. பிள்ளைக்குத் தலைவலி வந்தப்பல்லாம், கழட்டாதேன்னு இவங்களே அடிச்சிருக்காங்க. கழட்டக் கூடாதுன்னு நான் சொல்லிட்டுப் போனேனாம்." தாய் இன்னும் ஏதோ சொன்னாள். அதையும் அவள் சொன்னாள். "என் பாஷை பேசினதால நம்பினேன். உங்க ஆளுங்க யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்னு சொல்றாங்க."

பெரியண்ணன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது படிக்கட்டில் காலடி கேட்டது. அம்மா வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லி, பட்டாணி ஓடிவந்தாள். உயரமாகியிருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்புத் தழும்பு. அம்மா அவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிள்ளை பதறிப்போய் முதலில் மேடத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணாடி அக்காவைப் பார்த்தாள்.

"நான் எதுவும் சொல்லல அக்கா. யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

ஒரு வருஷமாகத் தலைவலியோடு அந்தப் பிள்ளை அந்த ரகசியத்தைக் காப்பாற்றிவந்திருக்கிறது. கண்ணாடி அக்காவுக்காக. அம்மாவிடம்கூடச் சொல்லாமல். தாய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவங்ககிட்டப் பேசாத" என்றாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கண்ணாடி அக்கா பட்டாணியின் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தாய் வருவதாகச் சொல்லவில்லை, ஆனால் வாசலில் நின்றாள். முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். வகுப்பு ஆசிரியை இருவரையும் தாழ்வாரத்தில் நிற்கவைத்துக் கேட்டார்.

"நீங்க யாருங்க?"

"கண்ணு நல்லா இருந்த பிள்ளைக்குக் கண்ணாடி போட்டவ."

ஆசிரியை அவளை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் முழுக்கக் கேட்டபின் பெருமூச்சு விட்டார். "எனக்கும் தோணுச்சுங்க, பிள்ளை நல்லாத்தானே பார்க்குறான்னு. ஆனா வெளிநாட்டுலருந்து வந்தவங்க மெஷின் வச்சுப் பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

"மெஷின் எல்லாம் இல்லீங்க. ஒரு அட்டைதான்."

"பிள்ளையை மேல் வகுப்புக்கு மாத்த முடியுமா?" என்று தாய் கேட்டாள்.

"வருஷம் பாதிக்கு மேல ஓடிப்போச்சேம்மா. அங்க நடந்த பாடம் எல்லாம் விட்டுப்போயிருக்கும். இங்கயே முடிக்கட்டும். கெட்டிக்காரி, பிடிச்சுக்குவா." அதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது தெரிந்தது.

அந்தப் பயணத்தோடு சபை அந்த இல்லத்துக்குப் போவது நின்றது. சிலர் அவள்மேல் கோபப்பட்டார்கள், கோபத்தில் நியாயமும் இருந்தது. நிஜமாகவே பார்வை குறைந்த அந்தப் பெரிய பெண்ணுக்குப் பவர் மாறியிருக்கும், புதுக் கண்ணாடி யார் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். கடை முதலாளியிடம் சொல்லி அவள் ஒன்றைச் செய்து அனுப்பிவைத்தாள். கிடைத்ததா என்று தெரியவில்லை. பெரியண்ணன் அந்தப் பெரிய படத்தைத் தானே ஏணி வைத்துக் கழற்றினார். அவளிடம் முன்புபோலவே மரியாதையாகப் பேசுவார், ஆனால் தனியாக நின்று பேசமாட்டார். அவள் மறுபடி நாற்காலி மடக்கினாள். யாரும் தடுக்கவில்லை.

பட்டாணியின் அம்மா பிள்ளையை இல்லத்திலிருந்து கூட்டிப்போய்விட்டாள் என்று பின்னால் மேடம் போனில் சொன்னார். எங்கே என்று தெரியாது என்றார். தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் அன்று பள்ளிக்கூடத்தில், கிளம்புமுன், ஆசிரியை வகுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து காட்டினார். பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். கரும்பலகைக்கு நேர் எதிரே, பார்வை குறைவு என்று உட்காரவைத்த முதல் பெஞ்சில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே பட்டாணி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கக் கூடாது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து உட்காரப் பழகியிருந்தாள். கதவு திறந்த சத்தத்துக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவள் திரும்பவில்லை.